எட்டாவது கல்

என் வலது கைக்குள் ஒரு கல் மிச்சம் இருந்தது. அன்றைக்கு நான் முதலில் கவனித்தது அதைத்தான். புளியங்கொட்டை அளவுக் கல், கை வியர்வையில் நனைந்து வழவழத்தது. மற்ற ஏழும் என் மடியில் கிடந்தன.

ராசா, உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. நான்கு நாளும் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் இந்தக் கல்லில் வந்து நின்று, தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன். நீ எழுதியதில் முக்கால் பங்கு சாப்பாட்டைப் பற்றியது. அந்த ஊரில் குழம்பில் வெல்லம் போடுகிறார்கள், குளிர் பாதத்தில் ஏறுகிறது, ஒரு போர்வை போதவில்லை என்றெல்லாம். கடைசிப் பக்கத்தில் இடம் முடிந்து, தாளைத் திருப்பி ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாய். நீங்கள் கட்டுகிற தண்ணீர்த் தொட்டிக்குக் கலந்த கான்கிரீட்டை மூன்று அச்சில் ஊற்றிக் கல்லாக்கி, இயந்திரத்தில் வைத்து நீ அழுத்திப் பார்த்தாய். இரண்டு கல் தாங்கியது, ஒன்று பாதியிலேயே பொடிந்துவிட்டது. அச்சு கோணலாக இருந்திருக்கும், அந்த ஒன்றை விட்டுவிட்டு எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடு என்கிறார் உன் பெரிய அதிகாரி. எல்லாரும் போடுகிற கையெழுத்துதான் என்கிறார். மாதக் கடைசிக்குள் போட வேண்டும். அதற்கும் கீழே, "இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா, மனசு கேக்காம எழுதுறேன்" என்று முடித்திருந்தாய்.

எட்டாம் வகுப்போடு நின்றவளுக்குக் கான்கிரீட் புரியாதுதான். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அது புரியும்.

உன் மாமாவுக்குக் கண் போனது கிணற்று வெடியில் என்று உனக்குத் தெரியும். எப்படி என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உனக்கு அவர் பிறந்ததிலிருந்தே அப்படி இருந்தவர் மாதிரிதான். நான்கு வயதில் அவர் தோளில் ஏறிக்கொள்வாய். நீ வழி சொல்ல, அவர் நடக்க, இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போவீர்கள். நீ ஒரு கல்லைத் தூக்கிப் போடுவாய். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணரை ஆளு தண்ணி கெடக்குடா மாப்ளே" என்பார். கயிறு விட்டுப் பார்த்தால் ஒரு சாண்கூடத் தப்பாது. நான் தூரத்தில் மிளகாய் பறித்துக்கொண்டே உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பேன். கல் தண்ணீரில் விழுகிற சத்தம் ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சில் விழும். போன சித்திரையில் அவர் போனபோது, மூன்று நாள் ரயிலில் நீ வந்து சேர்வதற்குள் சாம்பல்கூட ஆறிவிட்டது. இப்போதும் சாயங்காலம் கோழி அடைக்கப் போகும்போது, "ஏ புள்ள, என்ன நிறத்துல இருக்கு வானம்?" என்று அவர் கேட்பார் என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்.

அறுபதுகளின் நடுவில், திருச்சுழிப் பக்கத்து ஊர்களுக்குக் கரண்டுக் கம்பம் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். உன் தாத்தாவுக்கு மூன்று குறுக்கம் நிலம். மழையை நம்பிக் குதிரைவாலியும் மல்லியும் விதைப்பார். பாதி வருஷம் விதைத்தது திரும்பி வராது. கம்பம் நம் ஊர் எல்லையைத் தொட்டதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. கிணறு வெட்டினால் மோட்டார் வைக்கலாம், மிளகாய் போடலாம், என் கல்யாணத்துக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. நான்கு ஆள் ஆழம் தோண்டியதும் பாறை வந்தது. அதற்குமேல் மண்வெட்டி செல்லாது. மல்லாங்கிணறு பக்கமிருந்து ஒரு மேஸ்திரியும் நான்கு ஆட்களும் வெடி போட வந்தார்கள். பாறையில் உளியும் சம்மட்டியுமாக அடித்துத் துளை போடுவார்கள். அதற்குத் தமர் என்று பேர். தமருக்குள் மருந்தைக் கிட்டித்து, திரியை வைத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பற்ற வைத்துவிட்டு மேலே ஓடி வருவார்கள். எத்தனை தமருக்குத் தீ வைத்தார்களோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால், வெடிக்காத மருந்து உள்ளே உயிரோடு கிடக்கிறது என்று அர்த்தம். மறுநாள் காலை தண்ணீர் ஊற்றி நனைத்துப் பார்க்கும்வரை ஒருவரும் இறங்கக்கூடாது.

அந்த மேஸ்திரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. சத்தத்தை அவர் ஆட்கள் எண்ணக்கூடாது.

"கிணத்துக்காரவுக வீட்டு ஆளுதான் எண்ணணும் அண்ணாச்சி" என்றார் தாத்தாவிடம். "எங்க ஆளு எண்ணுனா அடுத்த கிணத்துக்குப் போற அவசரத்துல எண்ணிப்புடுவான்."

"வீட்டுல கை ஓஞ்சு இருக்கது இவ ஒருத்திதான். ஆனா வாயைத் தெறக்க மாட்டா."

"வாயி எதுக்கு? காது இருந்தாப் போதும். எத்தனை தமருன்னு சொல்லுவோம். அத்தனை கல்லைக் கையில வச்சுக்க தாயி. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கல்லை மடியில போடு. முடிஞ்சதும் வெறுங்கையை விரிச்சுக் காட்டுனா நாங்க எறங்குவோம். கல்லு மிச்சமிருந்தா கையை மூடிக்கிட்டே இரு. நீ மூடுன கையை எந்தச் சாமி வந்தாலும் விரிக்கச் சொல்லாது."

எனக்கு அப்போது பதினைந்து வயது. பெரிய மனுஷி ஆனதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். வெளி ஆம்பளைகள் முன்னால் எனக்குக் குரலே வராது. வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பேன், சொல்ல வேண்டியதை உன் அம்மாச்சி காதில்தான் சொல்வேன். ஆனால் இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னிடம் ஒருவர் கணக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. உடைமரத்தடியில் மாட்டுவண்டியைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். அதன் பின்னால் உட்கார்ந்து எண்ணுவேன். இரண்டு மூன்று தடவை இரண்டு தமர் சேர்ந்தும் வெடித்திருக்கிறது. அந்தச் சத்தமே வேறு. அடிவயிற்றில் இறங்கும், வண்டிப் பலகை ஆடும். அப்போது இரண்டு கல்லையும் சேர்த்து மடியில் போடுவேன். ஒரு தடவைகூட நான் தவறவிட்டதில்லை. நான் எழுந்து இரண்டு கையையும் விரித்ததும் ஐந்து ஆம்பளைகள் கிணற்றை நோக்கி நடப்பார்கள். என் கைக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

அன்றைக்கு அவர்களுக்கு நம் கிணற்றில் கடைசி நாள். மறுநாள் காரியாபட்டிப் பக்கம் வேறொரு கிணறு காத்திருந்தது. முந்தின நாளே பாறையில் ஈரம் கசிய ஆரம்பித்திருந்ததால் ஊற்று இன்றைக்கு உடையும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எட்டுத் தமர். நான் எண்ணினேன். ஏழோடு நின்றது. காத்திருந்தேன். ஓர் ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டு தலைக்குமேல் பறந்தது. புழுதி அடங்கியது. என் கைக்குள் ஒரு கல் மிச்சம் இருந்தது.

"என்ன தாயி, ஆச்சா?" என்றார் மேஸ்திரி.

நான் மூடின கையோடு எழுந்து நின்றேன்.

அவர் முகம் சுருங்கியது. கிணற்றைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். "அஞ்சாவதும் ஆறாவதும் சேந்துருச்சு தாயி. நான் கேட்டேன்."

"பள்ளிக்கூடத்துல ஏழுக்கு மேல சொல்லிக்குடுக்கலை போல மேஸ்திரி" என்றான் ஓர் ஆள்.

"ஏலே, எட்டாப்பு படிச்ச புள்ளடா அது!"

"அப்ப எட்டு வரைக்கும் எண்ணட்டுமே. நாளைக்குக் காலையில வரைக்கும் நாம இங்கன உக்காந்து கைதட்டிக்கிட்டு இருப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். தாத்தாவின் கண் கிணற்றின்மேல் இருந்தது. என் அண்ணன், அதாவது உன் மாமா, இருபது வயசுப் பையன், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். "விரிடி கையை" என்றார் சிரித்துக்கொண்டே. "ஊத்து ஒடைஞ்சிருக்கும். மொத ஆளா நான்தான் பாக்கணும்."

அத்தனை கண்களும் என்மேல் இருந்தன. என் காது மடல் சுட்டது. இல்லை, சேரவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்கள் என்னைப் பார்ப்பது நின்றால் போதும் என்று இருந்தது. நான் கல்லைச் சேலை மடிப்போடு நழுவவிட்டு, காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

அண்ணன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினார். படியில் அவர் காலடி கேட்டது. கடப்பாரைச் சத்தம் இரண்டு தடவை கேட்டது. அப்புறம் எட்டாவது வெடித்தது.

மற்றதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து லாரியில் மதுரைக்குப் போனார்கள். மூன்று மாதம் கழித்து, கண்ணில் கட்டோடு போனவர் கட்டில்லாமல் திரும்பி வந்தார். கண்ணும் இல்லாமல் வந்தார். மேஸ்திரி வந்து தாத்தா காலில் விழுந்தார். "என் காதுதான் பொய் சொல்லிருச்சு அண்ணாச்சி" என்று அழுதார். அதற்குப் பிறகு அவர் வெடிமருந்தைத் தொடவேயில்லை என்று கேள்விப்பட்டோம். அம்மாச்சி கிரகத்தைத் திட்டினாள். தாத்தா, தன் தண்ணீர் ஆசையைத் திட்டிக்கொண்டார். என்னை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சின்னப் புள்ள, பயந்த புள்ள, அதுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள். நானும் அந்த நிழலில் ஒதுங்கிக்கொண்டேன். அது என் இரண்டாவது தப்பு ராசா. மேஸ்திரி தவறாக நினைத்தார், அது மனுஷத் தப்பு. எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை. காது சரியாகக் கேட்டது, கல் சரியாக மிஞ்சியது. கைதான் பொய் சொன்னது. நான் வாய் திறந்திருந்தால் அந்த மனிதர் சுமந்த பழியில் பாதியாவது இறங்கியிருக்கும். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒரு வருஷம் கழித்துத்தான் அண்ணனிடம் சொன்னேன். ஆனி மாதக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்தக் கிணற்றில் அப்போது முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர்.

"தண்ணி என்ன நிறத்துல கெடக்கு?" என்று கேட்டார்.

"நீர்மோரு மாதிரி."

"அம்புட்டுத்தானா?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. கையை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவரும் தரையைத் தடவிப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ கல்லைக் கீழ விட்டு மிதிச்சது. பாத்தேன்ல. அப்பக் கண்ணு இருந்துச்சுல்ல."

"பாத்துட்டுமா எறங்குன?"

"தண்ணியைப் பாக்கணும்னு இருந்துச்சு. மேஸ்திரியே சொல்லிட்டாரு, நீயும் கையை விரிச்சுட்ட, இனி எனக்கென்னன்னு ஓடிட்டேன்." காற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மேஸ்திரி உன் கையைப் பாத்தாரு. நீ மேஸ்திரி வாயைப் பாத்த. நான் உங்க ரெண்டு பேரையும் பாத்தேன். தமரை ஒருத்தரும் பாக்கல புள்ள."

இத்தனை வருஷம் இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததற்கு ஒரே காரணம், நீ உன் மாமாவைப் பார்க்கிற மாதிரி என்னையும் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான். இதைப் படித்த பிறகு உனக்கு என் கை வேறு மாதிரித் தெரியலாம். உனக்குச் சோறு ஊட்டின கைதான் அது. தெரிந்தால் தெரியட்டும்.

உன் அதிகாரி உன் கையெழுத்தைப் பார்ப்பார். அவருக்கு மேலே இருக்கிறவர் அவர் கையெழுத்தைப் பார்ப்பார். அந்த ஊர்ப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுத் தொட்டியை அண்ணாந்து பார்ப்பார்கள். பொடிந்துபோன அந்தக் கல்லைக் கண்ணால் பார்த்தவன் நீ ஒருவன். போடாதே என்று எழுத எனக்குச் சுலபம், நான் இங்கே தின்பதற்கும் உடுப்பதற்கும் குறையில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். உன்னை வேறெங்காவது தூக்கி அடிப்பார்கள், வேலையே போனாலும் போகும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேலை போனால் வீட்டுக்கு வந்துவிடுவாயே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். நீ வருகிற பஸ்ஸுக்காகப் பாளையம்பட்டி ரோட்டில் நிற்கிற மாதிரி நினைத்துப் பார்த்துக்கொண்டேன். தாய் மனசு அப்படித்தான், அதில் நியாயம் பார்க்க முடியாது. அதனால் என் புத்தி எதையும் நீ கேட்க வேண்டாம். மிச்சம் நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன், அதை வைத்து நீயே யோசித்துக்கொள்.

அண்ணனிடம் சொன்ன பிறகு வந்த தை மாதம், கிணற்றை இன்னும் ஆழப்படுத்த வேறோர் ஆட்கூட்டம் வந்தது. எண்ணுவதற்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடலாம் என்றார் தாத்தா. என்னைக் கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. நானும் அடுப்படியை விட்டு வரவில்லை. அண்ணன்தான் சத்தம் போட்டார். "இவளே எண்ணட்டும். வேற ஒருத்தியை உக்கார வச்சா, அவ மொதல்ல இருந்து கத்துக்கிடணும். அதுக்கு இந்தத் தடவை யாரு கண்ணைக் குடுக்குறது?" அம்மாச்சி வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். அவர் மட்டும் சிரித்தார். நான் போய் அதே உடைமரத்தடியில், கவிழ்த்த வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பக்கத்தில் அண்ணனும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

முதல் நான்கு நாள் ஒன்றும் பிசகவில்லை. ஐந்தாம் நாள் ஆறு தமர். ஆறு கல்லை எடுத்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. காத்திருந்தேன். புழுதி அடங்கியது. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் உதட்டை மூடிக்கொண்டு, கேட்டதைச் சொல்லாமல் இருந்தார். அவர் என்ன எண்ணினார் என்று கடைசிவரைக்கும் எனக்குச் சொல்லவில்லை.

"ரெண்டு சேந்துருச்சு" என்றார் புது மேஸ்திரி, பீடியைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டே. "எறங்குங்கடா."

"நெசமாவா?" என்றார் தாத்தா.

"பத்து வருசமா இந்தச் சத்தத்துலதான் சோறு திங்கேன். பாப்பா, கையை விரி."

தாத்தா என்னைப் பார்த்தார். "சேந்துதான் வெடிச்சிருக்கும் தாயி" என்றார். அவர் குரல் கெஞ்சியது. இன்னொரு நாள் வீணாவதை அவரால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆட்கள் கடப்பாரையைத் தூக்கிவிட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் காது மடல் அதே மாதிரி சுட்டது. வாயைத் திறந்தேன். அன்றைக்கும் எனக்குக் குரல் வரவில்லை. நான் ஒன்றும் மாறிவிடவில்லை ராசா, அதே பயந்த பெண்தான்.

கிணற்றுக்குள் இறங்கக் கிழக்குப் பக்கம் ஒரே ஒரு படிவரிசை, ஓர் ஆள் மட்டும் இறங்குகிற அகலம். நான் மூடின கையை மூடினபடியே, அந்த ஆம்பளைகளுக்கு நடுவில் நடந்து போய், முதல் படியில் உட்கார்ந்துகொண்டேன்.